ஒன்று தெரியாத கம்ப்யூட்டர்

எனக்குத் தற்பெருமை அதிகம். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து மனம் கசக்க வேண்டாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டிப் புதிதாக முளைத்திருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். அப்போது என் பெருமைக்குக் காரணம் மதிப்பெண் அல்ல, என் பத்து விரல்கள். பிளஸ் டூ முடிப்பதற்குள் இங்கிலீஷ் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டையும் முதல் வகுப்பில் முடித்திருந்தேன். பாகலூர் ரோட்டில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் இன்ஸ்டிட்யூட். அங்கே மெஷினைப் பார்க்காமல், ஜன்னல் வழியாகப் பஸ் ஏறுகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே ஒரு முழுப் பக்கக் கடிதத்தைப் பிழையில்லாமல் அடித்துவிடுவேன். மற்றவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். பார்க்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் சத்தமாக அடிப்பேன்.

என்னை டைப் படிக்க வைத்தவர் அப்பா. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். தகடுகளை அடித்து வளைக்கிற மெஷின்களுக்கு நடுவே பல வருஷம் நின்றதில் காது மந்தமாகிவிட்டது. அவர் ரகசியம் பேசினால் எங்கள் லைன் வீட்டு வரிசையில் கடைசி வீட்டுக்குக் கேட்கும். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசைதான். அவருடைய கம்பெனியில் டெஸ்பாட்ச் செக்‌ஷன் என்று ஒன்று உண்டு. சரக்கு வெளியே போகிற இடம். அங்கே மின்விசிறிக்கு நேர் கீழே, மெத்தை வைத்த ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து செலான் அடித்துக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போகிறார். "உன் பையனை அனுப்பு" என்று மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். கையில் கிரீஸ் ஒட்டாத வேலை, காது போகாத வேலை. அப்பாவுக்கு அதுவே சொர்க்கம்.

எனக்கோ அந்த நாற்காலியை நினைக்கவே பிடிக்கவில்லை. ஆயுள் முழுக்க "வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்" என்று அடித்துக்கொண்டு உட்கார முடியுமா? நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆகப்போகிறேன் என்று லைன் வீட்டில் பத்துக் குடித்தனத்துக்கும் சொல்லி வைத்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர் ஓடாத கால்குலேட்டரைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தே விட்டார். கடைசியில் அப்பா சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு.

"இந்தா பாருலே, மொத வருசத்துல ஒரு பேப்பர் போச்சுன்னாலும் பேசாம வந்து டெஸ்பாட்ச்ல உக்காந்துக்கிடணும். சொல்லிட்டேன்!"

பத்துக் குடித்தனமும் கேட்டது. இனிமேல் பின்வாங்க வழியில்லை.

முதல் வருஷத்தில் மற்ற பாடங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எதையும் உருப்போட்டு ஒப்பிக்கிற ஜாதி நான். பயமுறுத்தியது சி என்ற ஒற்றை எழுத்துப் பாடம் மட்டும்தான். கம்ப்யூட்டருக்கு நாம் சொல்ல நினைப்பதை அதற்குப் புரிகிற மாதிரி எழுதும் மொழி என்றார்கள். ஆனால் லாப் என்கிற அந்த அறைக்குள் நுழைந்த முதல் நாளே என் பயம் ஓடிப்போனது.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஓசூர்ப் பக்கத்துக் குளிர் போதாதென்று உள்ளே ஏசி வேறு. பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட துணி உறை. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப்பொட்டு மானிட்டர் நெற்றியில் காய்ந்து கிடந்தது. நான் அந்தப் பெட்டிகளை எல்லாம் விட்டுவிட்டு முன்னால் இருந்த சாவிப் பலகையைப் பார்த்தேன். எழுத்துகளின் மேல் வரிசையில் க்யூ, டபிள்யூ, ஈ, ஆர், டி, ஒய். அடடா, இது நம்ம மெஷின்தான்!

ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் வீதம் ரெஜிஸ்டர் நம்பர் வரிசையில் உட்கார வைத்தார்கள். எங்கள் கல்லூரியில் பையனும் பெண்ணும் வராண்டாவில் பேசிக்கொண்டு நின்றால் பிரின்சிபால் அறைக்குப் போக வேண்டியிருக்கும். ஆனால் ரெஜிஸ்டர் நம்பர் பிரின்சிபாலுக்கும் மேலே. எனக்கு அடுத்த நம்பர் ஒரு பெண். அஞ்செட்டி மலைப்பக்கம் நாட்றாம்பாளையத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். எங்கள் நாற்காலிகளுக்கு நடுவே லாப் சார் தன் கையால் ஒரு முழம் அளந்து இடைவெளி விட்டார்.

அவள் கீபோர்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"ஏ பி சி டின்னு வரிசையா இல்லீங்களே. யாரு இப்பிடிக் கலைச்சுப் போட்டது?"

நான் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. நல்ல சிரிப்பு அல்ல. கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். கரும்பலகையில் இருந்த முதல் புரோகிராமை, இன்ஸ்டிட்யூட் பழக்கத்தில், ஒவ்வொரு எழுத்தும் கார்பன் பேப்பரில் மூன்று காப்பி விழ வேண்டும் என்கிற வேகத்தில் அடித்தேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் டைப்ரைட்டர் கைப்பிடியைத் தள்ளுவதற்காக இடது கை தானாக எழும்பியது. மூன்றாவது வரியில் அது மானிட்டரில் பட்டு "ணங்" என்றது. லாப் சார் ஓடிவந்தார்.

"ஏம்பா, அது கீபோர்டுப்பா, அம்மிக்கல்லு இல்ல! ஒடஞ்சா யாரு வாங்கித் தர்றது?"

திட்டினாலும் திரையைப் பார்த்து அவரே அசந்துவிட்டார். மற்றவர்கள் இன்னும் முதல் வரியில் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் முடித்திருந்தேன். லாப் முழுக்க என் பக்கம் திரும்பியது. அன்றைக்கு மதியம் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேர் என்னிடம் சி பாடத்தில் சந்தேகம் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் பதில் சொன்னேன்.

அதற்குப் பிறகு வேலை தானாகப் பிரிந்துகொண்டது. அவள் புரோகிராமை யோசித்து நோட்டில் எழுதுவாள், லாபில் வரிவரியாக வாசிப்பாள், நான் அடிப்பேன். அவளைப் பேர் சொல்லியும் கூப்பிட மாட்டேன், வேறு எப்படியும் கூப்பிட மாட்டேன். "அடுத்து?" என்று காற்றிடம் கேட்பேன். அவளும் காற்றுக்குத்தான் பதில் சொல்வாள். எழுதும்போது அவள் ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்திக்கொண்டு, "ஒந்து, எரடு, மூரு" என்று கன்னடத்தில் முணுமுணுப்பாள். அவள் ஊரில் பாதிப் பேச்சு கன்னடம். ஏதோ சாமி மந்திரம் சொல்கிறாள், பாவம், பயம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சி மொழியும் எனக்காகவே பிறந்தது என்று நம்பத் தொடங்கினேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. சியில் பெரும்பாலான வரிகளின் முடிவில் ஒரு செமிகோலன் போடவேண்டும். டைப் படித்தவனின் வலது சுண்டுவிரல் சும்மா இருக்கும்போது உட்கார்ந்திருக்கிற இடமே செமிகோலன்தான். ஆக, வரி முடிந்தால் விரல் ஒரு தட்டு தட்டிவிடும், நான் நினைக்கக்கூட வேண்டாம். என் சுண்டுவிரலுக்கே சி தெரியும் என்று ஹாஸ்டல் பையன்களிடம் சொல்லித் திரிந்தேன்.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு எரிச்சல். நான் அடித்து முடித்ததும் அவள், "ஒரு நிமிசம்" என்பாள். கீபோர்டைத் தன் பக்கம் நகர்த்தி, ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு, திரையில் நாலைந்து இடங்களில் போய் எதையோ அழித்து எதையோ தட்டுவாள். ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த விரல் கீபோர்டுக்கு மேலே வட்டமடித்துத் தேடும். எனக்குப் பொறுக்காது. முதல் வாரமே கத்திவிட்டேன்.

"நான் அடிச்சதுல தப்பு வராது. ஹையர் ஃபர்ஸ்ட் கிளாஸ். இனிமே கை வைக்காதீங்க!"

"தப்புன்னு இல்லீங்க. சும்மா ஒருக்கா பாத்துக்கறேன்" என்றாள்.

சும்மா பார்ப்பதை அவள் நிறுத்தவும் இல்லை. தானும் ஏதோ செய்ததாக இருக்கட்டுமே என்றுதான் தட்டிக்கொண்டிருக்கிறாள், போகட்டும் என்று பெருந்தன்மையாக முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். அந்த நேரத்தில் யார் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுப்பேன். அவள் தட்டி முடித்ததும் நான் புரோகிராமை ஓட்டுவேன். விடை டாண் என்று வந்து நிற்கும். பார்த்தீர்களா என்பது போல நான் தலையை ஆட்டுவேன். வருஷம் முழுக்க எங்கள் மெஷினில் விடை வராத நாளே கிடையாது.

மாதத் தேர்வுகள் தாளில்தான் நடந்தன. பன்னிரண்டு புரோகிராம்களையும் அடைப்புக்குறி உட்பட மனப்பாடம் செய்து அப்படியே எழுதினேன். நல்ல மார்க். அவளைவிட இரண்டு மார்க் கூட. மாடல் பிராக்டிகலையும் மெஷின் போதாததால் இரண்டு இரண்டு பேராகவே நடத்தினார்கள். ஒருமுறைகூட நான் தனியாக அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்காரவில்லை. அது எனக்குத் தோன்றவும் இல்லை. அப்பா அவ்வப்போது, "என்னலே, டெஸ்பாட்ச் ஆளு இந்த ஜூன்ல போறாராம்!" என்று தெருவுக்கே அறிவிப்பார். நான் சட்டையை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவேன்.

மே மாதம் எல்லாத் தேர்வும் முடிந்து கடைசியாக வந்தது சி பிராக்டிகல். தனித்தனியாக. மூன்று மணி நேரம்.

பல்கலைக்கழகத்திலிருந்து அனுப்பிய வெளித் தேர்வாளர் சேலத்துக்காரர். சேலத்து வெயிலிலிருந்து நேராக எங்கள் ஏசி அறைக்குள் வந்து, கைக்குட்டையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நடுங்கினார். சாக்பீஸ் டப்பாவில் பன்னிரண்டு சீட்டுகளைக் குலுக்கி நீட்டினார். எனக்கு வந்தது நாலாவது புரோகிராம்: பத்து எண்களை வாங்கி, அவற்றில் பெரியதைச் சொல்ல வேண்டும். இருப்பதிலேயே சின்னது. மனதுக்குள் விசில் அடித்தேன். அவளுக்கு எண்களை ஏறுவரிசையில் அடுக்கும் புரோகிராம், அதைவிடப் பல மடங்கு சிக்கல். அவளை நினைத்து எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. யோசித்து எழுதிவிடுவாள், ஆனால் அந்த ஒற்றை விரலை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

முதலில் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பத்து நிமிஷத்தில் எழுதினேன். முதல் ஆளாக மெஷினில் உட்கார்ந்தேன். நான்கு நிமிஷத்தில் அடித்து முடித்தேன். தேர்வாளர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். அவர் பார்க்கிறார் என்று தெரிந்ததும் ஓட்டுகிற சாவியைக் கொஞ்சம் ஸ்டைலாகவே அழுத்தினேன்.

நீலத் திரையின் அடியில் பிழைப் பட்டியல் வந்து விழுந்தது.

நான் பிழைப் பட்டியலையே அதுவரை சரியாகப் படித்ததில்லை. அன்றைக்குப் படித்தேன். முதல் வரியில், ஒன்று என்பது யாரென்று எனக்குத் தெரியாது என்றிருந்தது. அடுத்த வரியில், பத்து என்பது யாரென்று தெரியாது. பதினொன்றும் தெரியாதாம். இரண்டைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய பெட்டி, இரண்டு தெரிகிறது, ஒன்று தெரியவில்லை என்கிறது! கையைத் தூக்கினேன்.

"சார், இந்த சிஸ்டம் ரிப்பேர். ஒன்னு தெரியலைங்குது."

தேர்வாளர் குளிரில் எழுந்து வர மனமில்லாமல், "வேற மெஷின் குடுங்க" என்று லாப் சாரிடம் சொல்லிவிட்டார். லாப் சார் என்னை வேறொரு மெஷினில் உட்கார வைத்தார். மறுபடியும் நான்கு நிமிஷம். மறுபடியும் அதே பட்டியல். இந்தக் கம்ப்யூட்டருக்கும் ஒன்று தெரியவில்லை. மறுபடி கையைத் தூக்கினேன். இந்தத் தடவை அவரே எழுந்து வந்தார்.

"தம்பி, ஒன்னு தெரியாதது மெஷினுக்கா, உனக்கா?"

"மெஷினுக்குத்தான் சார்."

"அப்ப பக்கத்துல எல்லாருக்கும் ஓடுதே?"

"உக்காந்து பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். லாப் சார் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் போயிருந்தது. மூன்றாவது முறையும் அழித்துவிட்டு அடித்தேன், இன்னும் வேகமாக, இன்னும் சத்தமாக. ஒன்றும் நடக்கவில்லை. வியர்த்தது. அந்த ஏசி அறையில் அன்றைக்கு வியர்த்த ஒரே ஆள் நான்தான். கண்ணுக்கு முன்னால் மின்விசிறி சுற்றியது, கீழே மெத்தை வைத்த நாற்காலி. ஜூன் மாதத்துக்கு இன்னும் மூன்று வாரம்.

இடம் மாற்றியதில் எனக்கு ஒரு நன்மை கிடைத்திருந்தது. அவள் இப்போது என் இடது பக்கத்து மெஷினில் இருந்தாள். திரை தெரியாது, கை மட்டும் தெரியும். எழுத்து அகப்படாமல் விரல் வட்டமடிப்பதும், அகப்பட்டதும் டக் என்று ஒரு தட்டுத் தட்டுவதும், பிறகு மறுபடி தேடுவதுமாக இருந்தாள். எனக்கு வேறு வேலை இல்லாததால் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது தேடித் தேடி கீபோர்டின் மேல் வரிசையில் இடது மூலைக்குப் போனது. இரண்டுக்கு இடது பக்கம் இருந்த ஒரு சாவியைத் தட்டியது.

இரண்டுக்கு இடது பக்கம் ஒரு சாவியா?

என் கீபோர்டைக் குனிந்து பார்த்தேன். இருந்தது. ஒன்று என்று எழுதியிருந்தது.

டைப்ரைட்டிங் தெரியாதவர்களுக்கு இது விளங்க ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் பழகிய பழைய மெஷின்களில் ஒன்று என்ற எண்ணுக்குச் சாவியே கிடையாது. எண் வரிசை இரண்டிலிருந்துதான் தொடங்கும். ஒன்று வேண்டுமென்றால் இங்கிலீஷில் சிறிய எல் எழுத்தை அடிக்க வேண்டும். காகிதத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் விழும். அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அப்படி அடித்துத்தான் ஹையரில் முதல் வகுப்பு வாங்கினேன். கம்ப்யூட்டரில் ஒன்றுக்குத் தனிச் சாவி இருப்பதைக் கீபோர்டைப் பார்த்து அடிக்கிறவன் முதல் நாளே கண்டுபிடித்திருப்பான். பார்க்காமல் அடிப்பதுதானே என் பெருமை! ஒரு வருஷமாக ஒன்று வருகிற இடமெல்லாம் எல் அடித்திருக்கிறேன். அந்தத் திரையில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் பாவம், எல் என்றால் யார் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்படியானால் வருஷம் முழுக்க எப்படி ஓடியது? இந்தக் கேள்வி வந்ததுமே விடையும் வந்துவிட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நேரத்திலெல்லாம் அந்த ஒற்றை விரல் என்ன செய்துகொண்டிருந்தது என்று புரிந்துவிட்டது. வெட்கத்தில் காது சூடானது.

வெட்கப்பட நேரமில்லை. எல் எழுத்தையெல்லாம் அழித்து ஒன்று போட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக, ஒற்றை விரலால், பார்த்துப் பார்த்து. ஓட்டினேன். பிழை இல்லை! கத்தியிருப்பேன், பல்லைக் கடித்துக்கொண்டேன். எண்களைக் கொடு என்று கேட்டது. நாற்பத்தைந்து என்று கொடுத்தேன். அடுத்த எண்ணைக் கேட்கும் என்று காத்திருந்தேன். அது கேட்கவில்லை. ஒரே ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு, பத்தில் பெரியது மைனஸ் இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம் என்று அறிவித்தது.

இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அப்போது பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. அவள் எழுந்து, "முடிஞ்சிருச்சுங்க சார்" என்றாள். தேர்வாளர் வந்து ஓட்டிப் பார்த்தார். முதல் ஓட்டத்திலேயே எண்கள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தவள் முடித்துவிட்டாள். நான்கு நிமிஷத்தில் அடித்தவன் உட்கார்ந்திருக்கிறான். அவள் என்னைத் தாண்டிப் போகும்போது என் திரையை ஒரு கணம் பார்த்தாள். அப்படியே வெளியே போய்விட்டாள். தேர்வு அறையாயிற்றே.

நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் செய்கிற மாதிரியே முதல் வரியில் விரலை வைத்தேன். கன்னடம் வராது, தமிழிலேயே எண்ணினேன். ஒன்று என்றால் உள்ளே போகிறது, ஒரு எண்ணை வாங்குகிறது, திரும்பி மேலே வருகிறது, இரண்டு ஆகிறது, மறுபடி உள்ளே போகிறது. அட! இதற்குத்தான் இவள் விரலை வைத்து, ஒந்து, எரடு என்று எண்ணினாளா? அது மந்திரம் இல்லை. கம்ப்யூட்டராக மாறி ஓடிப் பார்த்திருக்கிறாள். பத்துத் தடவை சுற்ற வேண்டியது ஏன் ஒரே தடவை கேட்டது என்று அந்த வரியை உற்றுப் பார்த்தேன். சுற்றச் சொல்லும் வரியின் முடிவில், இருக்கக் கூடாத இடத்தில், ஒரு செமிகோலன். என் சுண்டுவிரலின் கைங்கரியம். வாக்கியம் அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்து, மெஷின் சொன்னபடி பத்துத் தடவை சுற்றியிருக்கிறது, ஒரு வேலையும் செய்யாமல். அதற்குப் பிறகு ஒரே ஒரு எண்ணை வாங்கியிருக்கிறது. தேங்காய் உடைக்க மறந்துவிட்டுக் கோயிலைப் பத்துத் தடவை பிரதட்சணம் வந்தவன் மாதிரி.

எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. வருஷம் முழுக்க நடத்தியும் புரியாத சி, வருஷத்தின் கடைசி முக்கால் மணி நேரத்தில் எனக்குப் புரிந்தது. பெரியதைத் தேடச் சுற்றும் வரியின் முடிவிலும் இன்னொன்று இருந்தது. இரண்டு செமிகோலன்களையும் பிடுங்கினேன். பத்து எண்களைக் கேட்டது, கொடுத்தேன், பெரியதைச் சரியாகச் சொன்னது. மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது.

தேர்வாளர் கைக்குட்டையை இறுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வாய்மொழிக் கேள்வி.

"இந்த லூப் எத்தன தடவ சுத்தும்?"

"பத்து சார்."

"மனப்பாடமா?"

"இல்ல சார். மொதல்ல பத்துத் தடவையும் சும்மா சுத்துச்சு." செமிகோலன் கதையைச் சொன்னேன். ஒன்றுக்குச் சாவி இருப்பதே தெரியாத கதையையும் சொன்னேன். அவர் குளிரை மறந்து சிரித்தார்.

"நானும் லோயர் பாஸ்தான் தம்பி. ஹையர்ல போயிருச்சு" என்று சொல்லிவிட்டு எதையோ எழுதினார். நான் வெளியே வரும்போது லாப் சார் வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்று, "தப்பிச்சடா" என்று மெதுவாகச் சொன்னார்.

நெடுஞ்சாலையில் ஓசூர் பஸ்ஸுக்காக நின்றோம். அவளும் நின்றாள். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவள், காலடியில் ஒரு டிரங்குப் பெட்டி. வழக்கமாகப் பையன்கள் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம். நான் அந்தப் பக்கம் போனேன். வருஷம் முடிந்துவிட்டது, பிரின்சிபால் என்ன செய்துவிடுவார்?

"அந்த எல் எழுத்தையெல்லாம் ஒன்னா மாத்தினது நீங்கதானே?"

"ஆமாங்க."

"செமிகோலன்?"

"அதும்தான். சுத்தற வரி வந்தாலே ஒன்னு போட்டுருவீங்க. மொதல்ல அதத்தான் தேடுவேன்."

"ஏன் சொல்லவே இல்ல?"

"மொத வாரமே சொல்ல வந்தனே. கை வெக்காதீங்கன்னு கத்துனீங்க."

"அது சரி. அதுக்கப்புறம் ஒரு வருஷம் இருந்துச்சே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு நான் இப்படி அல்லாடியிருக்க மாட்டேனே."

அவள் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்தது போலத்தான் இருந்தது. சொல்லவில்லை.

"சொன்னா உங்களுக்குக் கோவம் வரும். அப்ப நீங்களே அடிச்சுக்கங்கன்னு எந்திரிச்சுருவீங்க. எனக்கு ஒரு வரி அடிக்க அஞ்சு நிமிசம் ஆவுது. என் புரோகிராமெல்லாம் ஓடுதா இல்லையான்னு நான் பாக்கறது எப்ப? நல்ல டைப்பிஸ்ட்டு ஒருத்தர் கெடச்சிருக்கறப்ப எதுக்குங்க வம்பு?"

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. நன்றியோடுதான் சொன்னாள். அதுதான் அடி பலமாக விழக் காரணம். எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அழுகை போல ஏதோ வந்தது, பஸ் வந்ததும் அவளுடைய பெட்டியைத் தூக்கி ஏற்றிவிட்டேன். ஓசூர் வரை நின்றுகொண்டே போனேன். சூளகிரி தாண்டியபோது தனியாகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன், கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஒன்றரை மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. ஒரு பேப்பரும் போகவில்லை. சி பிராக்டிகலில் தேறுவதற்கு வேண்டியதைவிட நான்கு மார்க் அதிகம். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, டிபன் கேரியரை வைத்துவிட்டு, மார்க் எழுதிய துண்டுச் சீட்டை இரண்டு முறை படித்தார். அவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் அந்த நாற்காலியை விடவும் மனசு வரவில்லை. ஆளைப் போடாமல் மேனேஜர் இன்னும் காலியாகத்தான் வைத்திருந்தாராம்.

"ஒருக்கா வந்து உக்காந்துதான் பாரேம்லே! உனக்கே புடிச்சுப் போகும்!"

லைன் வீட்டில் பத்துக் கதவும் திறந்திருந்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று நானும் அவர் அளவுக்குக் கத்திச் சொன்னேன்.

"டைப்பிஸ்ட்டா ஒரு வருஷம் உக்காந்து பாத்துட்டேம்பா!"

"எங்கலே?" என்றார் அப்பா.